இரண்டாவது ரிமோட்டுக்கு ஒரு பட்டன்

அக்கா ரிமோட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. நான் துடைத்துத்தான் கொண்டுபோயிருந்தேன்.

“இன்னாடா இது, நடுவுல செவப்பா?”

“பட்டன்.”

“அது எனக்கும் தெரியுது. ரெண்டாவது ரிமோட்டுல ஏதுடா பட்டன்?”

வெள்ளிமலைக்கு அப்பால், பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்து போக வேண்டிய ஊரில் அக்காவின் வீடு. ஐப்பசி மாதத்துப் பகல். வாசலில் தார்ப்பாய் விரித்துச் சாமை காயப்போட்டிருந்தாள். மேட்டிலிருந்து இறங்கிய காற்று தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. காற்றில் மழை இருந்தது. சற்றுமுன்தான் கரண்ட் போயிருந்தது.

நான் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்புப் பட்டனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

இந்தத் தொடரில் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், முதல் வேலை என்று எழுதிக்கொண்டு வருகிறேன். பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான் என்பதால், எனக்கு நடந்த எல்லாமே பெரிய விஷயமாகத் தெரிகிறதோ என்னவோ. “முதல் வாரம் ஒரு அக்கா வந்தாங்களே, அப்புறம் அவங்களைக் காணோமே” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் அவளைக் கொஞ்ச காலமாகக் காணவில்லைதான்.

படிக்கிறதுக்கு வாங்கின பொருள்

வடக்கனந்தல் பக்கம் எங்கள் வீடு. சொந்த நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போவார்கள். அரசாங்கம் வீட்டுக்கு வீடு டிவி கொடுத்த காலம். எங்களுக்கும் ஒன்று வந்தது. அதற்கடுத்த கரும்பு வெட்டு முடிந்து அப்பா கள்ளக்குறிச்சிக்குப் போனவர், கக்கத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு திரும்பினார்.

“கம்ப்யூட்டர்” என்றார் அப்பா.

உண்மையில் அது டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம். ஆனால் கம்ப்யூட்டர் மாதிரி கீபோர்டுக்குள் அடங்கியிருக்கும். மேலே ஒரு வாய். அதில் கேசட்டைச் செருகினால் ஆட்டம் வரும். ஒரு கேசட்டில் மட்டும் எழுத்து அடிக்கலாம், கூட்டல் கழித்தல் போடலாம். அந்த ஒரு கேசட்டைக் காட்டித்தான் கடைக்காரர் அப்பாவிடம் விற்றிருக்கிறார். நான் என் பெயரை ஆங்கிலத்தில் அடித்துக் காட்டியபோது அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். மின்சாரம் நின்றால் பெயர் போய்விடும். அந்த மிஷினுக்கு ஞாபகசக்தியே கிடையாது. மறுபடி அடிப்பேன். அவர் மறுபடி கூப்பிடுவார்.

படிப்புக்கு வாங்கின பொருள் என்பதால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்கூடம் போகிறவன் கையில்தான் முதல் ரிமோட். ஆட்டம் ஆடும் கைப்பிடியை நாங்கள் ரிமோட் என்றுதான் சொல்வோம். மிஷினோடு இரண்டு வந்தன. அக்கா அஞ்சலை ஐந்தாவதோடு நின்றவள். களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டாவது.

ரெண்டு பட்டன் கம்மி

முதல் நாளே அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

“எப்பா, இதுல ரெண்டு பட்டன் கம்மியா இருக்குது. அவனுதுல நடுவுல ரெண்டு இருக்குது பாரு.”

அப்பா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. ஏமாந்துவிட்டோம் என்றால் அவருக்குத் தூக்கம் வராது. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

“இன்னா மொதலாளி, படிக்காத ஆளுன்னு தெரிஞ்சி செகண்டு ஐட்டத்த தள்ளிட்டீங்களா? இத்தப் பாருங்க. ரெண்டு பட்டன் இல்ல.”

“அண்ணே, அது அப்டித்தாங்க வரும்.”

“எப்டி வரும்? ஒரு வூட்ல ரெண்டு புள்ளைங்க, ஒண்ணுக்கு மட்டும் கம்மியா வருமா?”

கடைக்காரர் சலிக்காமல் இன்னொரு பெட்டியைப் பிரித்தார். அதிலும் அப்படித்தான். இன்னொன்று. அதிலும். ஸ்டார்ட், செலக்ட் என்ற இரண்டும் முதல் ரிமோட்டில் மட்டும்தான். ஆட்டத்தை ஆரம்பிப்பதும் நடுவில் நிறுத்துவதும் ஸ்டார்ட் பட்டனின் வேலை. ரெண்டாவது ஆளுக்கு அந்த வேலை இல்லை என்று செய்தவன் முடிவு பண்ணிவிட்டான், அவன் எந்த நாட்டில் இருக்கிறானோ என்றார் கடைக்காரர்.

அப்பா திருப்தியில்லாமல்தான் வந்தார். பஸ் ஏறும்வரை “ஒரு பட்டனுக்கு இன்னா ஆயிடப்போவுது இவனுங்களுக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா சிரித்தாள். “தொரை, நீங்களே ஆரம்பிங்க” என்றாள். அன்றிலிருந்து என் பெயர் தொரை.

அருவி

இரண்டு சிப்பாய்கள் காட்டுக்குள் ஓடிக்கொண்டே சுடுகிற ஆட்டம் ஒன்று இருந்தது. ஒருவன் நீலம், ஒருவன் சிவப்பு. நான் நீலம். அக்கா சிவப்பு. அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். களைக்கொத்து பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் அந்தப் பட்டன்மேல் பறக்கும். எதிரி எந்த மரத்துக்குப் பின்னால் வருவான் என்று ஒருமுறை பார்த்தால் போதும், மறக்கமாட்டாள்.

ஆனால் அந்த ஆட்டத்தில் ஓர் அருவி வரும். பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். ஒருவன் ஏறினால் திரையும் அவனோடு மேலே போகும். கீழே தங்கியவன் திரையை விட்டு இறங்கிச் செத்துப்போவான்.

அங்கே வரும்போதுதான் அம்மா கூப்பிடுவாள். தண்ணீர் வந்துவிட்டது, அடுப்பில் சோறு பொங்குகிறது, ஆடு அவிழ்த்துக்கொண்டது, ஏதாவது ஒன்று. கூப்பிடுவது எப்போதும் அக்காவைத்தான். “தொரை, நிறுத்துடா நிறுத்துடா” என்று கத்திக்கொண்டே ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடுவாள். என் விரல் தாவுகிற பட்டனில் இருக்கும். ஸ்டார்ட்டுக்கு வருவதற்குள் சிவப்புச் சிப்பாய் போயிருப்பான். திரும்பி வந்து, ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, “போயிட்டானா?” என்பாள். கோபமெல்லாம் இல்லை. மழை விட்டுவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்பாள்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த அருவியைத் தாண்டினதே இல்லை.

மேலே போனவள்

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அக்கா சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வேன் அங்கே வரும். அதை ஓட்டி வந்தவர்தான் பொன்னன் மாமா. மலை ஆள். அதிகம் பேசமாட்டார். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

அக்கா மறைக்கவில்லை. அப்பாவிடம் நேராகவே சொன்னாள். அப்பா நேராகவே மறுத்தார். அவள் போனாள். வெள்ளிமலையில் ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் போன் பண்ணினாள்.

“மேல போனவ மேலயே இருக்கட்டும்” என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அவள் பெயர் வரவில்லை. அம்மா வருஷத்துக்கு ஒருமுறை இரண்டுமுறை போய்வருவாள். வந்து அடுப்படியில் உட்கார்ந்து, என்னிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்வாள். அடுத்த அறையில் அப்பா பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருப்பார்.

நானும் போவேன். ஆனால் போனால் என்ன? அக்கா உட்காரவே மாட்டாள். டீ வைப்பாள், சோறு போடுவாள், மாட்டைக் கட்டுவாள், மூட்டை தைப்பாள். நின்றுகொண்டே பேசுவாள். நானும் அவள் பின்னால் நடந்துகொண்டே பேசுவேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது கோமுகி அணை கீழே தெரியும். ஒவ்வொரு முறையும் அங்கே வரும்போதுதான், இன்றைக்கும் அவள் பக்கத்தில் உட்காரவில்லையே என்று தோன்றும். டிவிக்கு முன்னால் சாணி மெழுகின தரையில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்த அந்த உட்காரல். அதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

போன வருஷம் போனில் சொன்னேன். “அக்கா, நம்ப கேம் பரண்மேலதான் இருக்குது. சரி பண்றேன். ஒரு நாளு கீழ வாயேன், ஆடலாம்.”

“நானா வந்து ஆரம்பிக்கிறதுக்கு எங்கிட்ட ஏதுடா பட்டன்?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, மாமா கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள். பின்னால் யாரும் கூப்பிட்ட சத்தம் கேட்கவில்லை.

சால்டரிங் வாசனை

பரணிலிருந்து யூரியா சாக்கோடு மிஷினை இறக்கினேன். கீபோர்டுக்குள் கரப்பான் குடும்பம் நடத்தியிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பல் மாதிரி இருந்தது. சுத்தம் செய்து கரண்ட் கொடுத்தால், ஆச்சரியம், உயிர் இருந்தது.

ஆனால் அதிலிருந்து படம் பழைய ஆன்டெனா ஒயர் வழியாகத்தான் வரும். இப்போதைய டிவிகள் அதை மதிப்பதில்லை. அக்கா வீட்டில் இருப்பது புது டிவி. ஆகவே உள்ளே படம் பிறக்கிற இடத்திலிருந்து நேராக ஒரு ஒயர் எடுத்து, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்து, வெளியே மஞ்சள் சாக்கெட் ஒன்றைப் பொருத்தினேன். பழைய டிவியில் மணல் கொட்டினதுபோலத் தெரிந்த சிப்பாய்கள் இப்போது குளித்துவிட்டு வந்ததுபோல நின்றார்கள். இன்வெர்ட்டர் கடையில் வேலை செய்கிறவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

பெரிய வேலை, பட்டன்.

இரண்டாவது ரிமோட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த பலகையில் ஸ்டார்ட்டுக்கான இடம் காலியாகவே விடப்பட்டிருந்தது. இடம் இருக்கிறது, பட்டன்தான் இல்லை. சந்தோஷமாக, சால்டரிங் அயர்னின் சூட்டில் மூடியில் ஓட்டை போட்டு, சிவப்புப் பட்டன் ஒன்றை வைத்து அந்த இடத்தில் பற்றவைத்தேன். கேசட்டைப் போட்டு அழுத்தினேன்.

ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பட்டன் நன்றாகத்தான் வேலை செய்தது. மிஷினுக்கும் அது தெரிந்தது. ஆட்டம்தான் கேட்கவில்லை. ஆரம்பிக்கச் சொல்லி முதல் ரிமோட்டிலிருந்து வந்தால்தான் ஏற்றுக்கொள் என்று அந்த கேசட்டுக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டாவது ரிமோட் என்ன கத்தினாலும் அதன் காதில் விழாது. பட்டன் இல்லை என்பது பாதிதான். இருந்தாலும் பலனில்லை என்பது மீதி.

கேசட்டை மாற்றி எழுத எனக்குத் தெரியாது. வேறு வழி யோசித்தேன். சிவப்புப் பட்டனை அதன் சொந்தப் பலகையிலிருந்து பிரித்து, அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்களை இழுத்து, முதல் ரிமோட்டுக்குள் கொண்டுபோய், என் ஸ்டார்ட் பட்டனோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். இனி அவள் அழுத்தினாலும் நான் அழுத்தினாலும் ஆட்டத்துக்கு ஒன்றுதான்.

பார்க்க நன்றாக இல்லை. இரண்டு ரிமோட்டுக்கும் நடுவில் ஒரு ஒயர் தொங்கியது. கையிலிருந்த ஒயரும் கொஞ்சம்தான். ஆடுகிற இரண்டு பேரும் தள்ளி உட்கார முடியாது.

நீளமான ஒயர் வாங்கி மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

அன்னிக்கே சொன்னேன்

பிளாஸ்டிக் தீய்ந்த வாசனைக்கு அப்பா வந்து நின்றிருந்தார்.

“இன்னாடா பண்ற?”

“ரெண்டாவது ரிமோட்டுக்குப் பட்டன் வெக்கிறேன்ப்பா.”

குனிந்து பார்த்தார். அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“அன்னிக்கே சொன்னேன்” என்றார். “கடைக்காரன் கேக்கல.”

அப்பா இப்போது கரும்பு வெட்டப் போவதில்லை. பேட்டரியில் ஓடுகிற ஸ்ப்ரேயர் ஒன்று வைத்திருக்கிறார். மக்காச்சோளக் காட்டுக்காரர்கள் கூப்பிட்டால் போய் மருந்தடித்துவிட்டு வருவார். நான் மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், கோடாலித் தைலம் மணக்கும் கையோடு வந்து, ஒரு பையை என் பக்கத்தில் வைத்தார். உள்ளே ஸ்ப்ரேயரிலிருந்து கழற்றிய பேட்டரி.

“மேல காத்தடிச்சா கரண்ட்டு பூடுமாம். உங்கம்மா சொல்லிக்கினு இருந்தா.”

“அப்ப மருந்தடிக்கிறதுக்கு?”

“கைப்பம்பு இருக்குதில்ல.”

“தோள் வலிக்கும்ப்பா.”

“உன்ன யாரு கேட்டா? எடுத்துக்கினு போடா.”

அந்த பேட்டரியில் டிவி ஓடாது. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. கள்ளக்குறிச்சியில் வண்டி ஒயரிங் கடைக்குப் போய், வேன்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் பார்ப்பதற்கு மாட்டுவார்களே, அந்தச் சின்ன ஸ்கிரீனை வாங்கினேன். அது வண்டி பேட்டரியில் ஓடுவது. மஞ்சள் ஒயரும் அதில் பொருந்தும். மிஷினுக்கு அவ்வளவு கரண்ட் ஆகாது என்பதால், குறைத்துக் கொடுக்கிற சின்னப் பலகை ஒன்றை நடுவில் வைத்தேன். மிஷின், ஸ்கிரீன் எல்லாவற்றையும் அப்பாவின் பேட்டரி இழுத்தது.

சிவப்புப் பட்டன்

இப்போது அக்காவின் வீட்டுக்குத் திரும்பலாம்.

ஸ்கிரீனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கேசட்டை ஊதிச் செருகினேன். அந்தப் பழைய பாட்டு, காது கூசுகிற மெல்லிய குரலில் கிளம்பியது. தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த அக்கா நின்றுவிட்டாள். குடத்தை வைத்தாள்.

“வேலை கெடக்குதுடா.”

“ஒரே ஒரு ஆட்டம்க்கா.”

உட்காரப் போனவள், ஒயர் இழுத்ததும் “இன்னாடா, மாட்டக் கட்ற மாதிரி கட்டி வெச்சிருக்க” என்று திட்டிக்கொண்டே நகர்ந்து வந்தாள். முட்டி இடித்தது.

“ஆரம்பி தொரை.”

“நீ ஆரம்பி.”

அவள் என்னைப் பார்த்தாள். சிவப்புப் பட்டனைப் பார்த்தாள். அழுத்தினாள். சிப்பாய்கள் குதித்தார்கள்.

அவளுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. எந்த மரம், எந்தப் பாலம் எல்லாம் விரலில் இருந்தது. “பின்னால பார்ரா, குருட்டு” என்று என் தோளில் இடித்தாள். காட்டைத் தாண்டினோம். அருவி வந்தது. பாதி ஏறியிருப்போம். தகரத்தில் முதல் மழைத்துளி விழுந்தது.

“ஐயோ, சாமை!”

எழுந்து ஓடினாள். ஓடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ‘டிக்’ கேட்டது. பாட்டு நின்றது. நானும் அவள் பின்னால் ஓடித் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து வைத்தேன். மீதியை முறத்தில் வாரிக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே என் போன் அடித்தது.

“பேட்டரி நிக்குதா?” அப்பாதான்.

“நிக்குதுப்பா. ஆடிக்கினுதான் இருந்தோம்.”

அவர் போனை வைக்கவில்லை. வேறு எதுவும் கேட்கவும் இல்லை. அக்கா முறத்தோடு உள்ளே வந்தாள். தலையெல்லாம் ஈரம்.

“யாருடா?”

நான் போனை நீட்டினேன். அவள் கையைத் துடைத்தாள். வாங்கிக் காதில் வைத்தாள். “டேய், கேக்குதா? டேய்...” என்ற அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

“நிக்குதுப்பா” என்றாள் அக்கா.

தகரத்தில் மழை தடதடவென்று இறங்கியது. அதற்குப் பிறகு அப்பா பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்கா பேசியது மட்டும்தான்.

“ம்.”

“வாரியாச்சு. ஓரம்தான் லேசா நனைஞ்சிது.”

“இல்ல, ஒழுவல. போன வருசம்தான் தகரம் மாத்தினாரு.”

“ம்.”

ஒரு கையால் முந்தானையை இழுத்துத் தலையைத் துவட்டினாள். பிறகு அக்கா, குடம் எடுக்கப் போகிறவள்போலச் சாதாரணமாகச் சொன்னாள்:

“பேட்டரிய நான் இவன்கிட்ட குடுத்தனுப்ப மாட்டேன். நீ வந்து எடுத்துக்கினு போ.”

போனை என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஸ்கிரீனில் அருவி விழாமல் நின்றுகொண்டிருந்தது. நீலம் மேல் பாறையில். சிவப்பு கீழே, தாவின தாவலில், காற்றில்.

“இன்னும் உசுரோட இருக்கானாடா இவன்?”

“நீதானே நிறுத்திட்டுப் போன.”

அவள் அந்தச் சிவப்புப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். மழைத் தண்ணீர்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன். பிறகு “போலாமா தொரை?” என்று அழுத்தினாள்.

அருவியைத் தாண்டினோமா என்று கேட்பீர்கள். இல்லை. நான் கொஞ்சம் மேலே போனால் உடனே நிறுத்தி, “இரு, நான் வர்ற வரிக்கும் இரு” என்றாள். நிறுத்தி நிறுத்திக் கடைசிப் பாறைவரைக்கும் போய், இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தோம்.

பேட்டரி மேலேயே இருக்கிறது. அப்பா கைப்பம்பில்தான் மருந்தடிக்கிறார். வீட்டுக்கு வந்து தோளில் தைலம் தடவிக்கொண்டு, “பேட்டரி இல்லாம வேலைக்கு ஆவாது” என்று அம்மாவிடம் சொல்கிறார். நேற்று என்னிடம், வெள்ளிமலை பஸ் நாங்கள் ஏறுகிற கச்சிராயபாளையத்துக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். சும்மாதான் கேட்டேன் என்று அவரே சொல்லியும்விட்டார்.

அதே பேட்டரி புதுசாக எங்கள் இன்வெர்ட்டர் கடை அலமாரியில் வரிசையாக இருக்கிறது. தினமும் காலையில் கடை திறந்து நான்தான் தூசி தட்டுகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.